புவனோஸ் ஐரிஸைச் சும்மா பார்க்கப் போன அக்கா

கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடை. அது எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் எரிந்து சாம்பலான பிறகு, அதே தெருவில் இன்னொன்று. பிறகு வெள்ளவத்தையில், காலி வீதியோரம், ஒரு கொமினிகேஷன்: கண்ணாடிக் கூண்டுகள், கூண்டுக்கு ஒரு ரெலிபோன், வெளிநாட்டுக்குக் கதைக்க வரிசையில் நிற்கிற சனம். அதற்கு மேல்மாடியில் விமான டிக்கட் போடுகிற கந்தோர். பின்பக்கம், வடக்கிலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள் தங்க ஒரு லொட்ஜ். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவன், எவருடைய சிபாரிசும் இல்லாமல், ஊரடங்குக்கும் சுற்றிவளைப்புக்கும் கரண்ட் வெட்டுக்கும் நடுவில் இவ்வளவையும் கட்டி எழுப்பினான். அந்த ஒருவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மையே பெருமை மாதிரி இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தென் அமெரிக்காவில் புவனோஸ் ஐரிஸ் என்றொரு தலைநகரம் இருக்கிறது. யுத்த காலத்தில், வெள்ளவத்தையிலிருந்து, ஒரு மனுசியை அந்த நகரத்துக்குக் கோடை விடுமுறைக்கு அனுப்பிவைத்தவனும் நான்தான். ஊர் பார்க்க. வேறு எதற்கும் இல்லை.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. தன் பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது. அக்கா என்றே எழுதுகிறேன், நான் அவரைக் கூப்பிட்டதும் அப்படித்தான்.

கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டவில்லை. கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். நெடிய ஆள். கக்கத்தில் கைப்பை, கையில் ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. காலி வீதி நடைபாதையில் எல்லாரும் குனிந்த தலையோடு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். இவர் நடுவில் நின்று எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் வருகிற சனம் ஆற்றில் கல்லைச் சுற்றித் தண்ணீர் போகிற மாதிரி இரண்டாகப் பிரிந்து போகும்.

"என்னக்கா, எங்க வெளிக்கிட்டியள்?" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"சும்மா பாக்க."

கல்கிசைக்கு ரயிலில் போவார், அடுத்த ரயிலில் திரும்பி வருவார். அங்கே அவருக்குச் சொந்தமும் இல்லை, அலுவலும் இல்லை. ஆனால் அந்தப் பயணத்துக்கு முதல்நாளே திட்டம் போட்டுவிடுவார்: எந்தப் பெட்டி, எந்தப் பக்கத்து யன்னல், வெயில் கண்ணில் அடிக்காத நேரம் எது. ஒருமுறை கொம்பனித்தெருவில் ஒரு மலாய்க் கலியாண ஊர்வலத்தைப் பார்க்கப் போய், மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டுக்காரி என்றும் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்காரி என்றும் நினைத்து, இரண்டு பந்தியிலும் இருத்திச் சாப்பாடு போட்டார்களாம். என் கொமினிகேஷனுக்கும் வருவார். கதைக்க அல்ல, பார்க்க. சுவரோர மர வாங்கில் உட்கார்ந்து கூண்டுக்குள் நிற்கிற முகங்களைப் பார்ப்பார். உள்ளே யாராவது அழத் தொடங்கினால் மட்டும் பார்க்கமாட்டார். அழுது முடியும்வரை தன் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்றைக்கு இதைக் கேட்கிறவர்களுக்கு இதில் என்ன பெரிய விசயம் என்று தோன்றும். அந்த நாள் வெள்ளவத்தையைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். அப்போது ஒவ்வொரு தமிழருடைய பையிலும் அடையாள அட்டையோடு ஒரு காரணமும் இருக்கும். டொக்டரின் துண்டு, கலியாணக் கார்ட், பாஸ்போட் கந்தோரின் ரசீது. எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று வீதித் தடைமுகாமில் ஆமிக்காரன் கேட்டால் உடனே எடுத்துக் காட்டவேண்டும். செத்தவீட்டு நோட்டீசை மாதக்கணக்காக மடித்துவைத்துத் திரிந்தவர்களும் இருந்தார்கள். சும்மா என்ற பதில் மட்டும் எங்களுக்கு இல்லை. இந்த அக்காவிடம் அதைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

ஒருநாள் என் கொட்டாஞ்சேனைக் கடையிலிருந்து ரெலிபோன் வந்தது. குடை பிடித்த ஒரு தமிழ் அம்மாவைப் பொலிஸ் இருத்திவைத்திருக்கிறதாம், அவர் என் பெயரைச் சொல்கிறாராம். ஓட்டோ பிடித்து ஓடினேன். கொட்டாஞ்சேனையில் ஒரு ஏற்றத்தில் நின்றால் துறைமுகத்துக் கப்பல்கள் தெரியும். அக்கா அங்கே வெகுநேரம் நின்று கப்பல் பார்த்திருக்கிறார். யுத்த காலத்தில், துறைமுகத்தை! சார்ஜன் வந்து சிங்களத்தில், "மொனவத பலன்னே?" என்று கேட்டிருக்கிறார், என்ன பார்க்கிறாய் என்று. ஏன் பார்க்கிறாய் என்ற அடுத்த கேள்விக்கு அக்கா நல்ல சுத்தமான சிங்களத்தில், "நிகங்" என்றிருக்கிறார். சும்மா.

அந்தச் சார்ஜன் என் கடையில் தோசை சாப்பிடுகிறவர். "முதலாளி, இவவுக்குக் கப்பல்ல என்ன வேலை?" என்று என்னிடம் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "இவவின்ர அண்ணன் கப்பல்ல வேலை செய்யிறார், மாத்தயா. இண்டைக்குத்தான் கரைக்கு வாறார்" என்றேன். அவருடைய முகம் இளகிவிட்டது. போகச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா குடையை விரித்தார்.

"தம்பி, எனக்கு அண்ணன் இல்லை."

"தெரியும் அக்கா."

"அப்ப ஏன் சொன்னனீர்?"

"சும்மா எண்டதை விட அண்ணன் நல்லம்."

"இல்லாத அண்ணனுக்காண்டி விட்டவை. இருக்கிற கண்ணுக்காண்டி விடேல்லை."

எனக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. வெள்ளவத்தை வரைக்கும் ஓட்டோவில் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். பார்க்கிற பழக்கம் அப்படி.

இது நடந்து சில மாதம் கழிந்து அக்கா மாடிப்படி ஏறி என் டிக்கட் கந்தோருக்கு வந்தார். அங்கே ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒரே முகத்தோடுதான் ஏறுவார்கள். நானும் வழமையாகக் கேட்பதைக் கேட்டேன்.

"எங்கயக்கா? கனடாவோ, லண்டனோ?"

"புவனோஸ் ஐரிஸ்."

எனக்குத் தெரியாத ஊர் உலகத்தில் குறைவு. பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, டிக்கட் போட்டுப் படித்தது. இந்த ஊரையும் பெயரளவில் தெரியும்.

"அது ஆற்ற ரூட் அக்கா? எந்த ஏஜென்சிக்காரன் ஏத்திவிடுறான்?"

"ரூட் இல்லைத் தம்பி. ஊர்."

"ஊர் சரி. அங்கயிருந்து எங்க போறது?"

"அங்கயிருந்து வெள்ளவத்தைக்கு."

நான் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தேன். அந்தக் காலத்தில் வெளிநாடு போவது என்றால் ஒரு நாட்டுக்கு விசா எடுத்து, இன்னொரு நாட்டில் இறங்கி, மூன்றாவது நாட்டில் குடியேறுவது. ரிட்டர்ன் டிக்கட் எல்லாரும் போடுவார்கள். விசா கொடுக்கிறவர் கேட்பார் என்பதற்காக. திரும்பி வருகிற பாதியை நான் கையால் கிழித்து வைத்துக்கொண்டு, பிறகு விமானக் கம்பனியோடு கதைத்து அதன் காசைத் திருப்பி வாங்கிக்கொடுப்பேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அப்படிப் போனவர்கள் இன்றைக்கு உயிரோடு, பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதியைப் பாவிக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு என் முன்னால் வந்திருந்த முதல் ஆள் இவர்தான்.

"கோடையில போக வேணும்" என்றார். "ஜனவரி."

"அக்கா, கோடை யூலையெல்லோ. ஜனவரியில சினோ கொட்டும்."

"அந்தப் பக்கம் மறுவளம் தம்பி. எங்களுக்கு மார்கழிக் குளிர் எண்டா அங்க வெயில்."

நான் யார் சொன்னாலும் அப்படியே நம்புகிறவன் அல்ல. கட்டண விலைக் கொப்பியை எடுத்துப் புரட்டினேன். எந்த ஊரிலும் கோடை வந்தால் டிக்கட் விலை ஏறும், இது நான் கண்டுபிடித்த சட்டம். அந்த ஊருக்கு யூலையில் விலை படுத்திருந்தது, ஜனவரியில் நட்டுக்கொண்டு நின்றது. "நீங்கள் சொல்லுறது சரி அக்கா" என்று உறுதிப்படுத்திக் கொடுத்தவன் நான்தான். அவர் சொன்னது பூமிசாத்திரப் புத்தகத்தில் இருந்தது. நான் சொன்னது டிக்கட் விலையில் இருந்தது.

பிறகு இரண்டு பேரும் இருந்து திட்டம் போட்டோம். கோலாலம்பூருக்குப் போய், தென்னாபிரிக்காவில் இறங்கி ஏறி, அங்கேயிருந்து கடல் தாண்டுவது. இது முழுக்க என் மூளை. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சின்ன ஹோட்டல் வேண்டும் என்றார். நானே கூண்டுக்குள் போய் நின்று அந்த ஊருக்கு ரெலிபோன் எடுத்தேன். எடுத்தவனுக்கு இங்கிலிஷ் தெரியாது, எனக்கு அவனுடைய பாஷை தெரியாது. "ரூம்! ஒன் லேடி! ஜனவரி!" என்று கத்தினேன். அவனும் கத்தினான். இரண்டு பேரும் சந்தோசமாகக் கத்தி முடித்தபோது அறை பதிவாகிவிட்டது. விமானத்துக்குள் குளிரும், காடிகன் கொண்டுபோங்கோ என்று சொன்னதும் நான்தான். வெறும் பருத்திச் சேலையோடு வெளிக்கிட இருந்த மனுசி.

"அங்க போய் என்ன செய்யப்போறியள்?"

"துறைமுகத்தடியில தொடங்கிப் பெரிய றோட்டால அந்தம் மட்டும் நடப்பன். அண்டைக்கு அவ்வளவுதான். அடுத்த நாள் ஒரு பார்க்கில இருப்பன். அதுக்கடுத்த நாள் ஒரு தேத்தண்ணிக் கடையில இருந்து சனத்தைப் பாப்பன்."

"பிறகு?"

"திரும்பவும் அதே றோட்டு. மற்றக் கரையால."

ஒரு கிழமைக்குள் வெள்ளவத்தை முழுக்கக் கதை பரவிவிட்டது. எப்படிப் பரவியது என்று கேட்டால், என் மனைவியிடம் நான் சொன்னேன், மனைவி லொட்ஜில் இருந்த யோகம் மாமியிடம் சொன்னாள். பிறகு பேப்பரில் போடத் தேவையில்லை. யோகம் மாமி மகனிடம் கனடா போகக் காத்திருந்த மனுசி. அவருக்குச் சந்தேகம் என்ற ஒன்றே வரவில்லை. அக்கா புது ரூட் ஒன்று திறந்துவிட்டா, தென் அமெரிக்காவால் ஏறி மேலே போகிறா என்று முடிவுகட்டி, ஒரு தட்டில் உளுந்து வடையோடு அக்காவின் அறைக்குப் போனார். நானும் அப்போது ஒரு கையெழுத்து வாங்க அங்கே நின்றேன்.

"பிள்ளை, எனக்கு மட்டும் சொல்லும். அங்கயிருந்து டொரொண்டோவுக்கு வள்ளமோ, பஸ்ஸோ?"

"நான் டொரொண்டோவுக்குப் போகேல்லை மாமி. ஊர் பாக்கப் போறன்."

"ஓம், ஓம். ஊர் பாக்க. அப்பிடித்தான் சொல்ல வேணும்" என்று மாமி குரலைத் தாழ்த்தினார். "ஆனா நான் பொலிஸ் இல்லை. வடையைச் சாப்பிடும்."

"மெய்யாத்தான் மாமி. திரும்பி வருவன்."

"திரும்பி வாறதுக்கு ஆர் பிள்ளை வெளிநாடு போறது?"

அக்கா வடையைச் சாப்பிட்டார். மாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வடை முடிந்தும் ரகசியம் வராததில் மாமிக்கு வந்த கோபத்தை என் மனைவிதான் இரண்டு நாள் கேட்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு லொட்ஜில் இருந்த முக்கால்வாசிப் பேர் ஏதாவதொரு சாட்டில் அக்காவின் ஒழுங்கைக்குள் போய்வந்தார்கள். அக்கா எல்லாருக்கும் அந்தப் பெரிய றோட்டைப் பற்றியே சொன்னார். கேட்டவர்கள், மனுசி அமுக்கம், வாயே திறக்குதில்லை என்று வந்து சொன்னார்கள்.

அந்த நாட்டுக்குக் கொழும்பில் தூதரகம் இல்லை, விசா டெல்லியிலிருந்து வரவேண்டும். பாஸ்போட்டை அனுப்பினோம். ஒரு நாள் பதில் வந்தது: டெல்லியிலிருந்து அதிகாரி ஒருவர் ரெலிபோனில் கேள்வி கேட்பார், ஆள் ஒரு நம்பரில் ஆயத்தமாக இருக்க வேண்டும். அக்காவிடம் ரெலிபோன் இல்லை. என் நடுக்கூண்டின் நம்பரைக் கொடுத்தோம். இங்கேயும் என் கூண்டு இல்லாவிட்டால் கதை இல்லை என்பதை வாசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

முதல்நாள் அவரை இருத்தி நான் பதில் சொல்லிக்கொடுத்தேன். எத்தனையோ பேரை இப்படிப் பழக்கி அனுப்பியவன். "சும்மா எண்டு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ. மருமகளின்ர கலியாணம் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி ஏதும் கோயில் நேர்த்தி. அந்த ஊரிலையும் கோயில் இருக்கும்தானே."

"எனக்கு மருமகள் அங்க இல்லை."

"அண்ணனும்தான் இருக்கேல்லை. அந்தப் பொய் வேலை செய்ததெல்லோ?"

"அது துறைமுகத்தைப் பாக்க. நான் பாத்து முடிஞ்சாப் பிறகு நீர் சொன்ன பொய். இது பாக்கப் போக முதல். பொய்யோட தொடங்கினா நான் அங்க நிண்டு எதைப் பாக்கிறது?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அப்ப விசாவும் கிடையாது, ஊரும் கிடையாது. வெள்ளவத்தையிலயே நிண்டு பாருங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பிவிட்டேன்.

மறுநாள் கடை நிறைந்த சனம். கதைக்க வந்தவர்கள் பாதி, கேட்க வந்தவர்கள் பாதி. யோகம் மாமி நடுக்கூண்டுக்கு நேரே வாங்கில் இடம் பிடித்திருந்தார். மணி அடித்தது. அக்கா குடையோடு உள்ளே போனார். கூண்டுக் கதவு சரியாகச் சாத்தாது, பழுது. ஒவ்வொரு சொல்லும் வெளியே கேட்டது.

அதிகாரி என்ன கேட்டார் என்பதை அக்காவின் பதிலில் இருந்துதான் நாங்கள் ஊகித்தோம். இல்லை, சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. இல்லை, வியாபாரம் இல்லை. இல்லை, சுற்றுலாக் குழுவும் இல்லை, தனிய. பிறகு அக்கா குடையை மற்றக் கைக்கு மாற்றினார். ஏன் எங்கள் நகரம் என்று கேட்டிருக்க வேண்டும். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா நிதானமான இங்கிலிசில் சொன்னார். கோட்டையில் வேலை செய்த காலம் முழுக்க, தேயிலை ஏற்றிப் போகிற கப்பல் பத்திரங்களில் உங்கள் நகரத்தின் பெயரை டைப் அடித்திருக்கிறேன். வாரத்தில் எத்தனையோ தடவை. அந்தப் பெட்டிகள் எல்லாம் மெய்யாகவே ஒரு ஊருக்குத்தான் போனதா என்று பார்க்க வேண்டும். கோடையில் பார்க்க வேண்டும், மழையில் நன்றாகத் தெரியாது. பார்த்துவிட்டு வருவேன்.

யோகம் மாமி என் கையைச் சுரண்டினார். "என்னவாம்?"

"சும்மா பாக்கவாம்" என்றேன்.

"அழிச்சுப்போட்டாள்" என்று மாமி தலையில் கைவைத்தார்.

அக்கா கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, உம்மோட கதைக்க வேணுமாம்."

இதுதான் இடம். இதைக் கவனமாக வாசியுங்கள். நான் உள்ளே போய் ரிசீவரை வாங்கினேன். மறுபக்கத்தில் ஒரு ஆண் குரல், களைத்த குரல். டிக்கட் போட்டது நீயா என்று கேட்டார். யெஸ் சேர் என்றேன். உன் ஆட்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இந்த அம்மா திரும்பி வருவாரா என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்து எழுதித் தந்து நான் பாடமாக்கிவைத்திருந்த நீட்டு இங்கிலிஷ் வசனம். சொந்த நாட்டோடு உறுதியான தொடர்பு, குடும்பம், காணி, இன்னும் என்னென்னவோ. நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன், நூறு பேரும் வரவில்லை. அதைத் தொடங்க வாயைத் திறந்தேன். கண்ணாடிக்கு வெளியே அக்கா நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலியாண ஊர்வலத்தைப் பார்க்கிற மாதிரி, கப்பலைப் பார்க்கிற மாதிரி. கெஞ்சுகிற பார்வை இல்லை. இந்த மனுசன் இப்போது என்ன செய்யப்போகிறான் என்று பார்க்கிற பார்வை.

"சேர்," என்றேன், "ஷீ வில் கம். ஷீ ஒன்லி லுக்."

அவ்வளவுதான் என் சொந்த இங்கிலிஷ். இரண்டு வசனம். அந்தப் பக்கத்தில் அந்த மனுசன் சிரித்தது கேட்டது. ரெலிபோன் வைபட்டது. பத்து நாளில் பாஸ்போட் விசாவோடு வந்தது.

ஜனவரியில் அக்கா போனார். காடிகன் போட்டுக்கொண்டு. நானே கட்டுநாயக்காவுக்குக் கொண்டுபோய் விட்டேன்.

அவர் திரும்பி வரவேண்டிய நாள் நெருங்க நெருங்க வெள்ளவத்தையில் வேறு கதையே இல்லை. இந்நேரம் எல்லை தாண்டியிருப்பா என்றார்கள். டொரொண்டோவில் கண்டதாக ஒருவர் ரெலிபோனில் சொன்னதாகவும் கேள்வி. எனக்கும் நித்திரை சரியில்லை. இனி வருகிறவர்களுக்கு விசா கெடும் என்ற பயம் ஒருபுறம். அதைவிட, என் சொந்த வாயால், பாடமாக்காமல், நான் ஒருவருக்காகச் சொன்ன வாக்கு அது ஒன்றுதான். அதுவும் பொய்யாகப் போனால் பிறகு என்னிடம் என்ன இருக்கிறது?

வான் எடுத்துக்கொண்டு கட்டுநாயக்காவுக்குப் போனேன். யோகம் மாமி தானும் வருகிறேன் என்று முன் சீட்டில் ஏறிவிட்டார். "அவள் வரமாட்டாள். உம்மைத் தனிய விடக்கூடாது எண்டு வாறன்" என்றார். உள்ளே போக விடமாட்டார்கள். வெளியே தடுப்புக்கு இந்தப் பக்கம் வெயிலில் நின்றோம். விமானம் இறங்கி, வெள்ளைக்காரர் வந்தார்கள், மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வருகிற பெண்கள் பெரிய பெட்டிகளோடு வந்தார்கள். சனம் வடிந்துவிட்டது.

"பாத்தீரே" என்றார் மாமி. அவர் குரலில் என்னவோ ஒரு திருப்தி. அக்கா தப்பிவிட்டா என்ற திருப்தி.

அப்போது குடை வந்தது. பின்னால் அக்கா. முகம் வெயிலில் கறுத்து, ஒரே ஒரு சின்னப் பையோடு, வழியில் நின்று சுமை தூக்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்தார்.

மாமி பாய்ந்து போய்க் கையைப் பிடித்தார். கண் கலங்கிவிட்டது. சந்தோசத்தில் அல்ல, ஆத்திரத்தில். "என்ன வேலை பாத்தனீர் பிள்ளை? அவ்வளவு தூரம் போய், விசர் மாதிரித் திரும்பி வந்து நிக்கிறீர்!"

"பாத்து முடிஞ்சுது மாமி."

"எப்பிடியக்கா ஊர்?" என்று நான் கேட்டேன்.

அக்கா யோசித்தார். "இருக்குது தம்பி" என்றார். "மெய்யாவே இருக்குது." பிறகு வான் காலி வீதிக்கு வரும்வரை அந்தப் பெரிய றோட்டைப் பற்றியே கதைத்தார். அங்கே பின்னேரங்களில் வயது போனவர்கள் வாங்குகளில் இருந்து, போகிற வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். இவரும் போய்ப் பக்கத்தில் இருந்தாராம். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லையாம்.

அக்கா போன வருடம் காலமானார். கடைசிவரைக்கும் அதே ஒழுங்கையில்தான் இருந்தார். யோகம் மாமி அதற்கு வெகுகாலம் முன்பே கனடா போய், இந்தக் கதையை அங்கே எல்லாருக்கும் தான் அனுப்பிவைத்த மாதிரிச் சொல்லி, அங்கேயே கண்ணை மூடிவிட்டார். அக்காவின் முப்பத்தோராம் நாளுக்கு அவருடைய பெறாமக்கள், தங்கச்சியின் பிள்ளைகள், அடித்த நினைவு மலர் தபாலில் எனக்கும் வந்தது. நல்ல தாள், நல்ல படம். நடுப்பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்: "யுத்தம் நடந்த காலத்திலேயே தனியாகப் புவனோஸ் ஐரிஸ் சென்று மீண்ட துணிச்சல்காரர்."

துணிச்சல்காரர் என்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. தனியாக என்பதில்தான் வழக்கு. விமானத்தில் தனியாகத்தான் இருந்தார், அதை நான் மறுக்கவில்லை. கோலாலம்பூர் வழி யாருடையது? ஹோட்டல்காரனோடு கத்தியது யார்? இதையெல்லாம்கூட விடலாம், தொழில். டெல்லிக்காரர் கேட்ட கடைசிக் கேள்விக்கு அக்கா பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது, அது அவரைப் பற்றிய கேள்வி. பதில் சொன்னது நான்.

ஆண்டுத் திவசத்துக்கு அந்த மலரை மறுபடியும் அடிக்கப்போவதாகப் பெறாமகள் ரெலிபோனில் சொன்னா. பிள்ளை, இதை வாசித்தால், அப்போது அந்தத் தனியாக என்ற சொல்லை எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும். படம் வேண்டாம், பெரிய எழுத்தும் வேண்டாம். வேறு ஆளின் பெயரைப் போட மனமில்லை என்றால், "திரும்பி வருவார் என்று சொன்ன ஒருவரின் உதவியோடு" என்றாவது போடுங்கள். அந்தக் காலத்து வெள்ளவத்தையில் அப்படிச் சொன்ன ஆள் ஒரே ஒருவன்தான். யார் என்று எல்லாருக்கும் விளங்கும்.